நாமே செய்யும் கத்தி

(கிளைச் சங்கத்தின் இளைஞர் பகுதிக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

இந்தக் கூட்டத்தில் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டபோது, "சம்பளத்தைப் பற்றியா, வீட்டு வசதியைப் பற்றியா?" என்று கேட்டேன். "அவற்றைப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நீர் அந்தக் கத்தியைப் பற்றிப் பேசும்" என்றார். கிராணி கத்தியைப் பற்றிப் பேசுவதா என்று உங்களில் சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. பிரட்டில் பெயர் எழுதுகிறவன், பால் நிறுவையைக் கணக்கில் ஏற்றுகிறவன் இரும்பைப் பற்றி என்ன கண்டான் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயமே. ஆனால் நானும் இந்த லயத்தில் பிறந்தவன். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். பால் வெட்டிய ஒருவரின் மகன். ஆகவே சிறிது நேரம் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இரவு பத்து மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நம் லயத்துத் தாய் ஒருத்தி அழுதுகொண்டு நின்றாள். "ஐயா, எம்மவனப் போலீசு புடிச்சிட்டாங்க. கத்தி வச்சிருந்தானாம்" என்றாள். நானும் செயலாளரும் உடனே காவல் நிலையத்திற்குப் போனோம். பையனுக்கு அப்போது பதினாறு வயது. பட்டணத்துக் கடைவரிசையில் வாங்கிய மடக்குக் கத்தி ஒன்று அவன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. அவன் யாரையும் குத்தவில்லை, மிரட்டவும் இல்லை. வயதையும் முதல் முறை என்பதையும் கருதி, எச்சரித்து எங்களோடு அனுப்பினார்கள். வரும் வழியில், "ஏன்டா தம்பி வைத்திருந்தாய்?" என்று கேட்டேன். "பயத்துக்குத்தான் அண்ணே. அங்க எல்லாரும் வச்சிருக்கானுங்க" என்றான்.

அந்தப் பையனின் அனுமதியைப் பெற்றுத்தான் இதைச் சொல்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை.

தோழர்களே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1958ஆம் ஆண்டு முதல் இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் தாக்குதலுக்கான ஆயுதத்தை வைத்திருப்பது குற்றம். அந்தக் குற்றம் ஒரு முறை பதிவாகிவிட்டால், அந்தப் பையன் நாளைக்கு எங்கே வேலை கேட்கப் போவான்? கண்டித்தால் கேட்பானா? கேட்க மாட்டான். "கத்தியைத் தொடாதே" என்று சொன்னால், கத்தியாலேயே சோறு உண்ட குடும்பத்துப் பிள்ளை நம்மைப் பார்த்துச் சிரிப்பான். அவன் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர்.

அப்போதுதான் என் மேசை இழுப்பறையில் இருந்த ஒரு கத்தி நினைவுக்கு வந்தது. என் தகப்பனார் செய்த கத்தி அது. தேய்ந்துபோன அரம் ஒன்றை எடுத்து, லயத்துக்குப் பின்னால் சிரட்டைக் கரியை மூட்டி, அடித்தும் ராவியும் அவரே செய்தார். நாலங்குல அலகு. மலாய்க்காரர்கள் கெமுனிங் என்று சொல்லும் மரத்தில் பிடி. அது கறிவேப்பிலையின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். மஞ்சள் நிறமும் நெருக்கமான ரேகையும் உடையது. கிரிஸ் பிடிக்கும் பாராங் பிடிக்கும் அதை விரும்பி எடுப்பார்கள். அந்தக் கத்தியால் அவர் கயிறு அறுத்தார், மீன் கழுவினார், எனக்குப் பென்சில் சீவிக் கொடுத்தார். அதை ஒரு நாளும் மனிதர் முன் நீட்டி நான் பார்த்ததில்லை.

மறுநாள் மாலை அந்தப் பையனைக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை எங்க அண்ணே வாங்கினீங்க?" என்றான். "வாங்கவில்லை, செய்தது. நீயும் செய்கிறாயா?" என்று கேட்டேன். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை. அதை முறையாகச் சொல்கிறேன். செய்ய விரும்பும் தம்பிமார்கள் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, இரும்பு. எல்லா இரும்பும் கத்தியாகாது. வேலிக் கம்பியையும் கட்டடக் கம்பியையும் எவ்வளவு தீட்டினாலும் கூர் நில்லாது. காரணம் கரிச்சத்து. எஃகில் கரிச்சத்து போதிய அளவு இருந்தால்தான் அது நெருப்பில் பழுத்து எண்ணெயில் தோயும்போது கடினமாகும். நல்ல அரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல் கரிச்சத்து உண்டு. லாரி வில்பட்டையில் ஏறக்குறைய அரைப் பங்குக்கு மேல் இருக்கும். கம்பத்துக் கொல்லர்கள் பாராங்குக்கு வில்பட்டையைத் தேடுவது இதனால்தான். சிறு கத்திக்கு அரம் நல்லது. ஆனால் மலிவான அரங்கள் சிலவற்றில் மேல்தோல் மட்டுமே கடினமாக இருக்கும். பழைய, பெயர் பெற்ற அரமாகப் பார்த்து எடுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பை நெருப்பில் வைக்கவே கூடாது. அதன் புகை மனிதனைப் படுக்கையில் தள்ளும்.

இரண்டாவது, இளக்குதல். புது அரமும் பழைய அரமும் கண்ணாடி போலக் கடினமானவை. அப்படியே அறுக்க முடியாது. கரி நெருப்பில் செக்கச்செவேலென்று பழுக்க வைத்து, சாம்பலுக்குள் புதைத்து, இரவு முழுவதும் மெல்ல ஆறவிட வேண்டும். நாங்கள் மண்ணில் ஒரு குழி வெட்டி, ஓர் இரும்புக் குழாயைப் பதித்து, பழைய முடி உலர்த்தும் கருவியால் காற்று ஊதினோம். என் தகப்பனார் காலத்தில் துருத்தி. மறுநாள் எடுத்தால் இரும்பறுக்கும் வாளுக்கு அது இணங்கும்.

மூன்றாவது, உருவம். முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். கையில் பிடித்துப் பாருங்கள். சரியென்று தோன்றிய பிறகு இரும்பில் கோடு போடுங்கள். பிடிக்குள் போகும் வாலும் அலகும் சேரும் இடத்தில் கூர்மையான மூலை விடாதீர்கள், வளைவாக ராவுங்கள். மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். பிறகு இரு பக்கமும் சரிவு ராவ வேண்டும். வாய்ப் பகுதியை இப்போதே மெல்லியதாக்கிவிடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் கனமாவது விட்டு வையுங்கள். இல்லையேல் தோய்ச்சலில் வளையும், அல்லது வெடிக்கும். இந்த ராவு வேலைக்கு மட்டும் எங்களுக்கு நான்கு ஞாயிறுகள் ஆயின. முதல் ஞாயிறு பையன் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கைப்பேசியைப் பார்த்தான். நான்காவது ஞாயிறு அது எங்கே கிடந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

நான்காவது, தோய்ச்சல். இதை அந்தி நேரத்தில் செய்யுங்கள். வெயிலில் நெருப்பின் நிறம் தெரியாது. அலகைப் பழுக்க வைத்து ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். ஏறக்குறைய 770 பாகை செல்சியசில் எஃகு காந்தத்தோடு ஒட்டும் குணத்தை இழந்துவிடும். ஒட்டாமல் போனதும் இன்னும் சற்றே சூடாக்கி, உடனே எண்ணெயில் முனை கீழாக நேராக இறக்க வேண்டும். பக்கவாட்டில் அசைக்காதீர்கள். மஞ்சள் நிறம் வரும்வரை விட்டால் எஃகின் மணி பெருத்து வலுவிழக்கும். அரத்து எஃகைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கக் கூடும். சமையலுக்கு வாங்கும் செம்பனை எண்ணெயைச் சிறிது சூடாக்கி இரும்பு டின்னில் வைத்தாலே போதும். எண்ணெயில் தீப்பிடிக்கலாம். ஆகவே இரும்பு மூடி பக்கத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. சின்னப் பிள்ளைகள் அருகில் நிற்கலாகாது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தோலுறை, காலுக்குச் சப்பாத்து அவசியம். சிலிப்பரோடு வந்தவனை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். தோய்ச்சல் முடிந்தது. அலகின் மேல் அரத்தை வைத்தால் கடிக்காமல் வழுக்கியது. கடினம் ஏறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பையனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மணி எட்டாகிவிட்டது. அடுத்த வேலையாகிய பதம் கொடுத்தலை, "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவன் நான்தான். அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் காட்டியிருக்கிறான். கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. இரண்டு துண்டானது.

ஓடி வந்தான். "இரும்பு எங்கயாவது ஒடையுமா அண்ணே?" என்று கேட்டான். கண்ணில் நீர். ஐந்து ஞாயிறு உழைப்பு அல்லவா? காவல் நிலையத்திலிருந்து வந்த அன்று அழாத பிள்ளை அன்று அழுதான்.

தோழர்களே, தோய்ச்சலோடு நின்ற எஃகு கடினமானது. ஆனால் அதற்குப் பொறுமை கிடையாது. விழுந்தால் உடையும். அதன் எண்ணெயைக் கழுவித் துடைத்து, கேக் சுடும் ஓவனில் 200 பாகைச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தால், வைக்கோல் போன்ற இளமஞ்சள் நிறம் படர்வதைக் காணலாம். இன்னும் சூடேறினால் பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் மாறிப்போகும். நீலம் வில்லுக்கு நல்லது, சிறு கத்திக்கு வைக்கோல் நிறமே போதும். கடினத்தில் சிறிது குறையும், உறுதி கூடும். கடினம் வேறு, உறுதி வேறு. பேச்சுவார்த்தை மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்த நம் தலைவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"இன்னொரு அரம் இருக்கிறது. மறுபடி தொடங்கலாமா?" என்று கேட்டேன். அவன் பதில் பேசாமல் போய்விட்டான். அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாசலில் நின்றான்.

இரண்டாவது கத்தி மூன்றே ஞாயிற்றில் ஆயிற்று. தோய்ச்சலும் பதமும் ஒரே இரவில் முடிந்த பிறகே வீட்டுக்குப் போனோம்.

ஐந்தாவது, பிடி. "பால்மரத்தில்தான் போடுவேன்" என்று பையன் பிடிவாதம் பிடித்தான். நியாயமான ஆசைதான். ஆனால் வெட்டிய பால்மரக் கட்டையில் மாவும் சர்க்கரையும் மிகுதி. சில நாட்களுக்குள் நீலப் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். ஒரு காலத்தில் இதை விறகுக்குத்தான் ஆகும் என்று ஒதுக்கினார்கள். போரான் மருந்தை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகு, மறுநடவுக்காக வீழ்த்தும் கிழட்டுப் பால்மரம் நாற்காலியும் மேசையுமாகக் கடல் கடந்து போகிறது. ஆகவே எங்களுக்கு வழி எளிதாயிற்று. உடைந்த நாற்காலிக் கால் ஒன்றை எடுத்தோம். மருந்து ஏறிய, உலர்ந்த, நல்ல பால்மரம்!

பிடியில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முறியும். பிடித்தால் விரல் நுனிகள் உள்ளங்கையை இலேசாகத் தொடும் பருமன் சரியானது. உருண்டையாகச் செய்யாதீர்கள். முட்டை போன்ற வடிவம் வேண்டும். அப்போதுதான் கண்ணால் பார்க்காமலே வாய் எந்தப் பக்கம் என்று கை அறியும். பழைய முறையில் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் சுட்டு இறக்குவார்கள். அப்படிச் செய்தால் அலகுக்கு ஈரத் துணி சுற்ற வேண்டும். சூடு அலகுக்கு ஏறினால் பதம் கெட்டுவிடும். நாங்கள் துளையிட்டு, ஈப்பாக்சி பசை வைத்து, குறுக்கே ஒரு பித்தளை ஆணியும் அடித்தோம். உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் தடவினோம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். விரித்துக் காயப் போட வேண்டும்.

பையனின் உள்ளங்கை சிறியது. அவன் பிடி என் கைக்குச் சேரவில்லை. என் தகப்பனாரின் கத்தி அவன் கைக்குச் சேரவில்லை. கடையில் வாங்கும் கத்தி எல்லார் கைக்கும் என்று செய்யப்பட்டது. இது ஒருவன் கைக்கென்று செய்யப்பட்டது.

ஆறாவது, தீட்டுதல். இங்கே எனக்கு வேலையில்லை. நான் கல்லை எடுத்து நாலு இழுப்பு இழுத்ததும், திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, "கிராணி, அத இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். கல்லை நனைத்தார். ஒரே சாய்வில், அவசரமில்லாமல், இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. கட்டை விரலைக் குறுக்கே வைத்து மெல்லத் தடவிப் பிசிர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தார். கடைசியில் பழைய தோல் இடுப்புவாரில் இழுத்தார். ஒரு தாளை எடுத்து அறுத்துக் காட்டினார். சத்தமே வரவில்லை.

பிறகு பேரனிடம் சொன்னார்: "மரத்துல பட்டைக்குக் கீழ நெஞ்சுத் தோலு ஒண்ணு இருக்கு. அதுல கத்தி பட்டா மரத்துக்குக் காயம். ஒரு மயிரிழை மேலயே நிறுத்தணும். இருட்டுல தலைவெளக்கக் கட்டிக்கிட்டு நானு நிறுத்தியிருக்கேன்." பையன் தன் பாட்டியை அப்படிப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பெரியோர்களே, அந்த அம்மையார் சொன்னது சாதாரணச் செய்தி அல்ல. 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கோலகங்சாருக்குப் போயின. ஆனால் கன்று வந்ததால் மட்டும் தொழில் வளரவில்லை. 1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைக் கண்டபடி கொத்தாமல் அதே வெட்டை மறுபடி மறுபடி மெல்லிய சீவலாகத் திறக்கும் முறையைக் காட்டினார். மரமும் பிழைத்தது, பாலும் வந்தது. அந்த முறையை நாள்தோறும் கோடிக்கணக்கான மரங்களில் செய்து காட்டியவை யாருடைய கைகள்? அவற்றுள் நம் பாட்டன் பாட்டிமாரின் கைகள் எத்தனை எத்தனை! ரிட்லியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கைகளின் பெயர்கள் பழைய பிரட்டுப் புத்தகங்களில் மட்டுமே இருந்தன. அவற்றையும் கரையான் தின்றுவிட்டது. அந்தக் கைத்திறமாவது பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டாமா?

அந்தக் கத்தி இப்போது எங்கே என்று கேட்பீர்கள். அவன் வீட்டு அடுக்களையில், மாட்டுத்தோல் உறையில் தொங்குகிறது. பட்டணத்துக்குப் போகும்போது அவன் அதை எடுத்துப் போவதில்லை. நான் தடுக்கவில்லை. "அதக் கொண்டுபோய்ப் போலீசு எடுத்துக்கிட்டா என்ன பண்றது அண்ணே? எட்டு ஞாயித்துக்கெழம!" என்கிறான். பத்து வெள்ளிக் கத்தி போனால் இன்னொன்று வாங்கலாம். இதை வாங்க முடியாது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. பயமும் முழுக்கப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாலையில் கடைவரிசையில் நிற்க அவனுக்கு இப்போது நேரமில்லை. பற்றவைக்கும் பட்டறை ஒன்றில் வேலை பழகுகிறான்.

ஒரு கத்தி செய்தால் எல்லாப் பிள்ளையும் திருந்திவிடும் என்று மேடையில் பொய் சொல்ல நான் வரவில்லை. பயத்துக்குக் காரணங்கள் வேறு இருக்கின்றன. வேலை வேண்டும், வீடு வேண்டும், படிப்பு வேண்டும். அவற்றுக்காகச் சங்கம் போராடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் போராட்டம் முடியும்வரை பதினாறு வயதுப் பிள்ளை காத்துக்கொண்டு நிற்பானா? அவன் ஞாயிற்றுக்கிழமையை வேறு எவனாவது எடுத்துக்கொள்வான்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நம் கிளை மண்டபத்தின் பின்புறத் தாழ்வாரம் வெறுமனே கிடக்கிறது. அங்கே ஒரு பட்டறை மேசை, ஒரு வைஸ், நான்கு அரம், இரண்டு இரும்பறுக்கும் வாள், ஒரு துளைபோடும் கருவி, இரண்டு தீட்டுக்கல், ஒரு தீயணைப்பான் போதும். கரி அடுப்பை நான் கட்டித் தருகிறேன். பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் வேலை நடக்கக் கூடாது. செய்த கத்தி வீட்டிலும் வேலையிலும்தான் இருக்கும் என்று ஒவ்வொருவனும் பெற்றோர் முன் வாக்குக் கொடுக்க வேண்டும். தீட்டுதலைக் கற்பிக்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாய்மார்கள் வர வேண்டும். அந்தப் பாட்டி வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். "கிராணிக்குக் கல்லு பிடிக்கவே தெரியல, நான் வந்துதான் ஆகணும்" என்கிறார்.

இதைத் தீர்மானமாக எடுத்துக்கொண்டு செயலவை ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை என் வீட்டு வாசலில் அடுப்பு இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணி. சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள்.